கோவிச்சுக்கொண்டு போனவர்கள்

இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் கலியாணம் முடிப்பவன் பெண்ணைத் தன் வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை. அவன்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் தலைமுறை தலைமுறையாக இதுதான் நடைமுறை. மகள் பிறந்ததுமே வாப்பாவுக்கு வீட்டுக் கவலை பிறந்துவிடும். வயல் விளைந்தால் கொஞ்சம் கல், மாடு விற்றால் கொஞ்சம் சீமெந்து என்று சேர்த்துச் சேர்த்து அவளுக்கென்று ஒரு வீடு எழும்பும். உறுதியும் அவள் பெயரில். அவள் கலியாணம் முடித்ததும் உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு குசினியைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ராத்தா வீட்டுக்குப் பக்கத்தில் தங்கச்சி வீடு, அதற்கு அப்பால் சாச்சி வீடு. வளவு முழுக்கப் பெண்களின் ஊர். ஆண்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

இப்படியொரு வளவில் புருசன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால் கோவிச்சுக்கொண்டு கிளம்புவது யார்? தமிழ்நாட்டுக் கதைகளிலும் படங்களிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது மனைவி. இங்கே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு ஒழுங்கை தள்ளி இருக்கும் உம்மா வீட்டுக்கு நடப்பவன் மாப்பிள்ளை. அங்கே போனால் அது உம்மாவின் வீடாகவும் இருக்காது. தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்து, அவளுடைய மாப்பிள்ளை உள்ளே இருப்பான். போனவனுக்கு விறாந்தையில் ஒரு பாய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாமனோ மச்சானோ வந்து, "வா தம்பி, புள்ள அழுகிது" என்று கூட்டிப் போவார்கள். அவனும் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருப்பான்.

பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவள் ஏற்கனவே உம்மா வீட்டில்தான் இருக்கிறாள். கோவிச்சுக்கொண்டு எங்கே போவாள்? சோற்றைத் தள்ளிவைப்பாள். அறையைப் பூட்டிக்கொள்வாள். பேச்சை நிறுத்துவாள். சில வீடுகளில் மஃரிபுக்குப் பின் அவள் மேல் ஜின் வரும்.

மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்கு வந்தவர். 2008இல் வெளியான அவருடைய பெரிய நூல் இந்தக் கரையின் தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. கோட்டுப்படம் போட்டுச் சொந்தம் எண்ணுகிறவர்களுக்கு அது ஒரு சுரங்கம். எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒரே ஒரு செய்தி. இங்கே மகள் தாயை விட்டுப் பிரிவதில்லை. கலியாணம் பிரிப்பது மகனைத்தான். மனதின் முரண்களைப் பேசும் வியன்னா, இலண்டன் புத்தகங்களை இந்தக் கரைக்குக் கொண்டுவரும் எவரும் முதலில் அறிய வேண்டியது இதுதான். மாமியார் மருமகள் சண்டையைத் தேடி வந்தால் ஏமாந்து போவார்கள். இங்கே முடிச்சு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் விழுகிறது. இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுவதால் அதை யாரும் சண்டை என்று எண்ணுவதுமில்லை.

அந்தக் காலத்தில் கோபத்துக்குப் பல வாசல்கள் இருந்தன. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார். வழக்கு முதலில் அவரிடம்தான் போகும். அவராலும் முடியாவிட்டால் காதியார். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்குவது காதி நீதிமன்றம். சட்டத்தரணி அங்கே வந்து வாதாட முடியாது. இருவரும் தாங்களே பேச வேண்டும். தலாக் கேட்டு வருபவனிடமும் காதியார் சமரசத்துக்கு முயன்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஆண் காரணம் காட்ட வேண்டியதில்லை. பஸஹ் என்ற விவாகரத்தைக் கேட்கும் பெண் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சி வைக்க வேண்டும். அடித்த தழும்பைக் காட்டலாம். செலவு தராததைச் சொல்லலாம். "அவர் பக்கத்துல இருந்தா நான் இல்லாமப் போற மாதிரி இருக்கு" என்றால் அதை எந்தச் சாட்சி வந்து உறுதிப்படுத்துவது?

அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடம் லெப்பையின் பாய். ஓதிப் பார்ப்பார், தண்ணீர் ஓதிக் கொடுப்பார், நூல் கட்டுவார், இசிம் எழுதிக் கோப்பையில் கரைத்துக் குடிக்கச் சொல்வார். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடி ஏறும் நாட்களில் நேர்ச்சை வைப்பார்கள். பக்கீர் பாவாமார் றபான் அடிக்கும் இரவில் ஒரு பெண் தலைவிரித்து ஆடினால் அவளைச் சுற்றி வீடே உட்காரும். மகளாக அவள் ஒரு நாளும் சொல்லாததை ஜின் சொல்லும்: இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது, மூத்தவளுக்குக் கொடுத்த நகை எனக்கு இல்லை, இவனை எனக்கு வேண்டாம். மகள் சொன்னால் கன்னத்தில் விழும். ஜின் சொன்னால் எல்லோரும் கைகட்டிக் கேட்பார்கள். ஜின் கேட்டதில் பாதியையாவது செய்து கொடுப்பார்கள்.

கதிர்காமத்தில் சாமியாடும் பெண்களோடு பேசிப் பேசி, உளப்பகுப்பாய்வையும் மானிடவியலையும் சேர்த்து எழுதிய கணநாத் ஒபேசேகர 1981இல் வந்த தன் நூலில் காட்டியது இதைத்தான். சொல்ல முடியாத சொந்த வேதனை ஊர் ஏற்கனவே வைத்திருக்கும் ஓர் உருவத்துக்குள் புகுந்து பேசுகிறது. ஃபிராய்டின் நிழலில் நின்று இலங்கையைப் பார்த்தவர்களில் அவருக்கு இணை இல்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் சிங்களவர்களை. நம் கரையின் ஜின்னை அதே பொறுமையோடு உட்கார்ந்து கேட்டு எழுதிய ஒருவர், நான் அறிந்தவரை, தமிழில் இன்னும் வரவில்லை என்பது என் ஆதங்கம்.

பழையதைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. ஜின்னை விரட்டப் பிரம்பும் எடுத்தார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள். காலில் சங்கிலி போட்டு விறாந்தைத் தூணில் கட்டிய மனிதர்களை இந்த ஊர்களின் வயதானவர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். கட்டியும் அடங்காதவர்களைக் கொழும்புக்கு, அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க ஓடும் பயணம். இறங்கினால் மொழி தெரியாத வாட்டு. 'அங்கொடைக்குப் போனவன்' என்ற பெயர் அவனுடைய மருமகள் பொருத்தம் பேசும் காலம் வரை நிற்கும். மரைக்காரும் மாமனும் செய்ததற்கும் எல்லை உண்டு. கோவிச்சவனைக் கூட்டி வந்தார்கள். மாதா மாதம் ஏன் போகிறான் என்று கேட்கவில்லை. "அவன்ட குணம் அப்படித்தான் புள்ள, நீ கொஞ்சம் சபூர் செய்" என்பதோடு கதை முடிந்தது.

குணம் என்று ஊர் விட்டுவிட்டதில் ஒரு பகுதியைத்தான் இன்றைய மருத்துவம் ஆளுமைக் கோளாறு என்கிறது. இந்தப் பெயரை ஒட்டுவதில் அவசரம் கூடாது. கோவக்காரன் எல்லாம் நோயாளியில்லை, பிடிவாதக்காரியும் இல்லை. யாரோடு சேர்ந்தாலும் அதே முறையில் உறவு முறிவது, தான் யார் என்பதே நிலையில்லாமல் ஆடுவது, இது வருடக்கணக்காக நீண்டு வாழ்க்கையையே நொறுக்குவது: அந்த அளவுக்குப் போனால்தான் அந்தப் பெயர். இந்தக் கோளாறின் ஒரு வகையைக் குறிக்கும் எல்லைக்கோடு என்ற சொல்லை அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் அடோல்ஃப் ஸ்டேர்ன் 1938இல் எழுதினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோயாக ஏறியது 1980இல். 2022 தொடக்கம் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்படுத்தல் பழைய வகைகளை ஓரங்கட்டிவிட்டு, பாதிப்பு எவ்வளவு கடுமை என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது. கலியாணப் பேச்சில் ஒரு சொல் எத்தனை கதவை அடைக்கும் என்று தெரிந்த ஊரில், கொப்பியில் இந்தப் பெயரை எழுத ஒரு டொக்டர் தயங்கினால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

இனி இன்றைக்கு வருவோம். ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். அவள் யாருமில்லை, இந்தக் கரையின் பல வீடுகளில் சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்த்து நானே கட்டியவள். தொண்ணூறுகளின் நடுவில் பிறந்தவள். நாலு வயதில் உம்மா குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். வளர்த்தது மூத்தம்மா. உம்மா இரண்டு வருடத்துக்கொரு தடவை பெட்டி நிறையச் சாமான்களோடு வந்து, மகளைத் தூக்கிக் கொஞ்சி, ஒரு நாள் காலையில் அவள் எழும்பு முன்பே போய்விடுவார். அழுவாளே என்று சொல்லாமல் போவது, அன்புதான். ஒன்பது வயதில் கடல் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். அந்தக் காலையில் மூத்தம்மாவின் கை அவள் கையிலிருந்து விட்டுப் போனது.

அவளுக்கென்று உம்மா குவைத்துக் காசில் அத்திவாரம் போட்ட வீடும் போனது. கடலோரத்தில் கட்டக்கூடாது என்று அரசாங்கம் தடைவலயம் அறிவித்தது. கிழக்கில் அது 200 மீற்றர், பின்பு குறைத்தார்கள். உள்ளே தள்ளிக் கட்டிய திட்டங்களில் வீடு கிடைத்தது. ஆனால் ராத்தா ஒரு திட்டத்தில், சாச்சி இன்னொன்றில். வளவு என்ற ஒன்று அங்கே இல்லை. குடும்பத் தலைவர் என்று பார்த்து ஆண்களின் பெயரில் வீடு எழுதியதால் பெண் வழியில் வந்த உடைமை எப்படிக் குழம்பியது என்று மக்கில்வ்ரேயும் மானிடவியலாளரான பற்றீசியா லோரன்சும் பின்னர் எழுதினார்கள். சட்டத்தின் கோணத்தில் அது சொத்துப் பிரச்சினை. கோபத்தின் கோணத்தில் பார்த்தால் வேறொன்று தெரியும்: கோவிச்சவனைக் கூட்டி வர நாலு ஒழுங்கை நடந்த மாமன் இப்போது ஓட்டோ பிடித்து வர வேண்டும். அவரும் கட்டாரில் இருக்கிறார்.

நம் பெண் கலியாணம் முடிக்கிறாள். மாப்பிள்ளை பத்து நிமிடம் போன் எடுக்காவிட்டால் அவளுக்கு நெஞ்சு இறுகுகிறது. இருபது தடவை அழைக்கிறாள். அவன் வந்ததும், "என்ன விட்டுட்டுப் போப்போறீங்க, எனக்குத் தெரியும்" என்று கோப்பையை எறிகிறாள். அவன் உண்மையிலேயே கிளம்பி உம்மா வீட்டுக்குப் போகிறான். போனதும் அவளுக்கு உலகமே வெறுமையாகிறது, தன்னையே நோகடிக்கிறாள். வாட்டில் இரண்டு இரவு. அவன் ஓடி வருகிறான், அழுகிறான், ஒரு வாரம் தேனும் பாலும். பிறகு மறுகா முதலிலிருந்து.

இந்த இடத்தில் நாடு மெய்யாகவே மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இலங்கையில் குற்றம். காயத்தோடு வந்தவள் பொலிசுக்கும் பதில் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு இலட்சம் பேருக்கு நாற்பதுக்கும் மேல் என்று உலகின் உச்சிகளில் நின்ற தற்கொலை வீதம் பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முதற்காரணம் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததுதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாவு குறைந்தது, தன்னை நோகடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் வரிசை அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது சண்டையும் பிரிவும் வெறுமையும் அப்படியே இருக்கின்றன. உயிர் தப்பியவர்களின் தொகை கூடியது. தப்பியவர்களோடு அடுத்து என்ன செய்வது என்ற கேள்வியே நம் காலத்துக்கு வந்து சேர்ந்த புதிய கேள்வி.

சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு உளவளத் துணையாளர் கூட்டத்தை இந்த ஊர்கள் மறந்திருக்காது. முகாமில் பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். திட்டம் முடிந்ததும் போனார்கள். எழும்பிப் பார்க்கையில் உம்மா இல்லாத பிள்ளைக்கு அதுவும் பழக்கமான பாடம்தான். இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ அந்தக் காலத்தை ஒட்டிச் செய்த ஆய்வில் ஒன்று கண்டார்: இங்குள்ளவர்கள் துன்பத்தைத் தலைக்குள் நடக்கும் கோளாறாகச் சொல்லவில்லை, உறவுகளிலும் தங்கள் இடத்திலும் விழுந்த உடைவாகச் சொன்னார்கள். பதறுகிறது, தூக்கமில்லை என்பதைவிட, இனி நான் யாருக்கு உம்மா, யாருக்கு மகள் என்பது பெரிய வலி. நோயைக் கண்டுபிடிக்க வந்தவர்களின் படிவத்தில் அதற்குக் கூடு இல்லை.

நிலைத்து நின்றது வேறு வழியில் வந்தது. மட்டக்களப்பில் உளமருத்துவர் மகேசன் கணேசன் ஊர் ஊராகக் கட்டிய சமூக உளநல சேவை கிழக்குக்கு முன்மாதிரி ஆனது. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளை நம்பியிராமல் மாவட்டம் தோறும் சேவை வேண்டும் என்றது. இன்று கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு. தன் மொழியில் பேசி, பகல் சோற்றுக்கு வீடு திரும்பலாம். பிரதேச செயலகங்களில் உளவளத் துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய இலக்கம் இருக்கிறது. அங்கொடை பஸ்ஸை நினைத்துப் பார்த்தால் இது சிறிய தூரமில்லை.

ஆனால் நம் பெண்ணுக்கு அங்கே கிடைப்பது என்ன? கிளினிக் நாள், இலக்கம், கொப்பி, ஐந்து நிமிடம், குளிசை. மனச்சோர்வு கூடியிருந்தால் குளிசை உதவும். தூக்கம் வரும். விட்டுப் போய்விடுவார்கள் என்ற அந்த நாலு வயதுப் பயத்துக்குக் குளிசை இல்லை. ஆளுமைக் கோளாறுக்கு முதன்மைச் சிகிச்சை பேச்சுத்தான் என்பதில் உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் ஒரே குரலில் இருக்கின்றன. எந்தப் பேச்சு என்பதில் பல வழிகள் உண்டு. உள இயக்கச் சிகிச்சை அவற்றில் ஒன்று.

அந்தச் சிகிச்சை நடக்கும் அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். இரண்டு கதிரை. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஐம்பது நிமிடம். முதல் மாதம் அவளுக்குச் சிகிச்சையாளர் தேவதூதர். "உங்களப் போல என்ன யாரும் விளங்கினதில்ல மிஸ்." இரண்டாம் மாதம் நோன்புப் பெருநாள் விடுமுறை, ஒரு வாரம் சந்திப்பு இல்லை என்று முன்கூட்டியே சொல்கிறார். அடுத்த கிழமை அவள் இருபது நிமிடம் பிந்தி வருகிறாள். முகத்தைப் பார்க்கவில்லை. கைபேசியை நோண்டுகிறாள். பிறகு, "நீங்களும் அவங்களப் போலதான். சம்பளத்துக்குத்தானே கேக்குறீங்க" என்கிறாள்.

மரைக்கார் என்றால் இந்த இடத்தில் புத்தி சொல்வார். லெப்பை ஓதி ஊதுவார். உளவளத் துணை பற்றி மூன்று நாள் பயிற்சி எடுத்தவர், "அப்படியில்ல தங்கச்சி, நான் உங்கட நல்லதுக்குத்தான்" என்று தேற்றுவார். இந்தச் சிகிச்சையாளர் மூன்றையும் செய்வதில்லை. கோபம் வெளியே எங்கோ நடந்த கதையாக வராமல் தன் முன்னால் உயிரோடு வந்து உட்கார்ந்திருப்பதை அறிகிறார். அதற்காகத்தான் இத்தனை கிழமை காத்திருந்தார். "போன கிழமை நான் இல்லாதப்போ என்ன நடந்திச்சு?" என்று கேட்கிறார். அவள் பேசமாட்டாள். பிறகு பேசுவாள். தான் எழும்பு முன்பே போன உம்மா அந்த அறைக்குள் வந்து சேர அரை வருடமும் ஆகலாம். வந்த பிறகு, மாப்பிள்ளை போன் எடுக்காத அந்தப் பத்து நிமிடத்தில் தான் காண்பது மாப்பிள்ளையையா, பெட்டியோடு போகும் உம்மாவையா என்று அவளுக்கே ஒரு கேள்வி எழும். கேள்வி எழும்பும் அந்த ஒரு கணம் கோப்பை கையிலேயே நிற்கிறது.

இலண்டனில் பிள்ளை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளரான டொனால்ட் வினிகொட் சொன்னதை என் வார்த்தையில் சொன்னால்: பிள்ளை தாயை முழு மனதோடு வெறுத்துப் பார்க்க வேண்டும், வெறுத்த பின்னும் அவள் உடையாமல், பழிவாங்காமல் அங்கேயே இருப்பதைக் காண வேண்டும். கோவிச்சுக்கொண்டு போவதும், போன இடத்தில் ஒரு பாய் கிடைப்பதும், திரும்பி வரக் கதவு திறந்திருப்பதும் பழைய வளவு அறியாமலே கொடுத்துக்கொண்டிருந்த ஒன்று. அங்கே கூட்டிவர ஆள் இருந்தது, காரணம் கேட்க ஆள் இல்லை. இன்று காரணம் கேட்கத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள். கிழமை தோறும் அதே கதிரையில் காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அன்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் கண்ணில் படும் இடைவெளி இதுதான்.

இது பணக்கார நாட்டு ஆடம்பரம் என்பவர்களுக்கு இலண்டன் கதையொன்று. அந்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் உள இயக்க வழியில் ஒரு சிகிச்சையை உருவாக்கி 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தன் மனதிலும் அடுத்தவர் மனதிலும் என்ன நடக்கிறது என்று யோசிக்கும் பழக்கத்தை வளர்ப்பது அதன் சாரம். கடுமையான எல்லைக்கோட்டு நிலையில் இருந்தவர்கள், பகல்நேர வாட்டில், பதினெட்டு மாதம். எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 13 வீதத்தினரிடம் மட்டுமே அந்த நோய் அளவுகோலில் எஞ்சியிருந்தது. வழமையான கவனிப்பில் இருந்தவர்களில் 87 வீதம். மொத்தம் 41 பேர்தான், சிறிய ஆய்வு. அதை வைத்துக் கொடி ஏற்ற முடியாது. என் கவனத்தை இழுத்தது வேறு. அந்தச் சிகிச்சையைக் கொடுத்தவர்கள் பெரிய உளப்பகுப்பாய்வாளர்கள் இல்லை. உளநலப் பயிற்சி பெற்ற தாதியர், மேற்பார்வையோடு. 2009இல் அதே இருவர் 134 பேரோடு செய்த அடுத்த ஆய்வில், ஒப்பீட்டுக்காக வைத்த, ஒழுங்கான கட்டமைப்புள்ள சாதாரண கவனிப்புக் குழுவும் நன்றாகவே முன்னேறியது. புதிய முறை அதைவிட முந்தியது உண்மை. ஆனால் ஒரே ஆள், ஒரே நேரம், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு, இவையே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. கல்முனையில் தாதியர் இருக்கிறார்கள். அஸருக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் வெளிநோயாளர் அறைகளும் இருக்கின்றன.

தடை இல்லாமலில்லை. இந்த ஊர்களில் சிகிச்சையாளர் யாரோ ஒருவரின் மச்சி. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவர் மாப்பிள்ளையின் சாச்சி. ஆகவே கல்முனையில் இருப்பவர் நாற்பது கிலோமீற்றர் தள்ளி மட்டக்களப்புக்கு பஸ் எடுக்கிறார். பஸ்ஸிலும் தெரிந்தவர் ஏறுவார் என்பது வேறு கதை. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்காரர்களின் குடும்பம், குழந்தைகள் உட்பட, வெடித்துச் செத்த பிறகு, வீட்டுக்குள் நடப்பதை ஓர் உத்தியோகத்தர் கேட்டு எழுதுகிறார் என்றாலே வாய் இறுகிப் போகும் காலமொன்று இருந்தது. எழுதும் கொப்பி யாருடைய மேசைக்குப் போகும் என்பதைச் சிகிச்சையாளர் முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

மார்க்கத்தின் வாசலும் மாறிவிட்டது. நூலும் இசிமும் கூடாது என்று ஒரு தலைமுறை பிரசாரம் செய்தது. பாவாமாரின் இரவுகள் சுருங்கின. அந்த இடத்தில் குர்ஆன் ஓதிப் பார்க்கும் ருக்யா வந்தது, கைபேசியில் ஒலிப்பதிவாகவும் வந்தது. ஓதுவது மாறவில்லை, சுற்றி உட்கார்ந்திருந்த வீடுதான் இப்போது இல்லை. அவள் தனியே காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறாள். ஈமான் குறைவு என்று சொல்லாத ஒரு மௌலவியும் மார்க்கத்தை ஏளனம் செய்யாத ஒரு டொக்டரும் ஒரே ஊரில் அமைந்துவிட்டால் அவள் பாதி தப்பினாள். மனதைப் பற்றிப் பேசுவது நமக்கு அந்நியமும் இல்லை. நஃப்ஸோடு போராடுவதைப் பற்றி இமாம் கஸ்ஸாலி எழுதி ஒன்பது நூற்றாண்டு ஆகிறது.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாமல் இருப்பது வருடாந்த இடமாற்றம். எந்தக் கிராமத்திலும் டொக்டரோ தாதியோ நிரந்தரமாக இருக்கமாட்டார்கள். அது அவர்களின் உரிமையும்கூட. உள இயக்கச் சிகிச்சையில் விடைபெறுவது தனி வேலை. மாதக்கணக்காகச் செய்ய வேண்டியது. போகும் திகதி முன்பே தெரிந்து, அந்தத் திகதியைச் சுற்றிக் கோபமும் அழுகையும் வந்து, பேசித் தீர வேண்டும். இங்கே அவள் கிளினிக்குக்கு வருகிறாள். கதிரையில் வேறு முகம். "பழைய மிஸ் போயிட்டாங்க, கொப்பியத் தாங்க." எழும்பு முன்பே போன உம்மாவை மீண்டும் ஒருமுறை அரசாங்கமே நடத்திக் காட்டுகிறது. அடுத்த கிழமை அவள் வருவதில்லை. சிகிச்சையைத் தொடரவில்லை என்று கொப்பியில் எழுதுகிறார்கள். இடமாற்றப் பட்டியல் தொங்கும் முன்பே, இன்ன மாதம் வரைதான் நான் இங்கே இருப்பேன் என்று அவளிடம் சொல்லலாம். புதியவரையும் அருகில் வைத்துக்கொண்டு மூன்று சந்திப்பு நடத்தலாம். இதற்குச் சுற்றறிக்கை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், இலண்டன் பயிற்சியும் வேண்டாம்.